கத்தி கையில இருக்கு

வாங்க சார், உக்காருங்க. ஃபேனை இங்கிட்டுத் திருப்பி விடுறேன். கண்ணாடியில அந்த விரிசலைப் பாக்காதீங்க, ரெண்டு மூஞ்சி தெரியும், எது நம்மளுதுன்னு கொழம்பிப் போயிரும். அதுக்கு ஒரு கதை இருக்கு, சொல்றேன்.

காரு உங்களுதா? பஞ்சர் கடை வாசல்ல நிக்குதே, அதான் கேட்டேன். இந்த ரோட்டுல ஆணி சாஸ்தி சார். அந்தப் பஞ்சர் கடைக்காரன் புண்ணியத்துலதான் எனக்கு வெளியூர் ஆளுகளே வர்றாக. கட்டிங்கா, ஷேவிங்கா? ஷேவிங். நல்லா வளத்திருக்கீங்க, வேண்டுதலா? இல்லையா. சரி, சரி.

எந்த ஊரு சார்? மதுரையா. மதுரையில எங்க? கே.கே. நகரு, நல்ல ஏரியா. தப்பா நெனைக்காதீங்க, ஊரு கேக்காம நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன். எங்கப்பா காலத்துல இருந்து வர்ற மொறை. சும்மா ஒரு மரியாதைக்குத்தான். சில ஆளுக கே.கே. நகர்னு சொன்னாக்கூட விடமாட்டாய்ங்க, சொந்த ஊரு எது, எந்தத் தெரு, யாரு வகையறான்னு நோண்டிக்கிட்டே இருப்பாய்ங்க. எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. சொந்த ஊரே மதுரைதானா சார்? இருங்க, இருங்க, வாயைத் தொறக்காதீங்க, சோப்பு உள்ள போயிரும். அப்புறம் சொல்லலாம்.

போர்டைப் பாக்குறீங்களா? ‘இங்கு அரசியல் பேசாதீர்.’ அது நான் வச்சதில்ல சார். எங்கையால நான் அப்பிடி ஒரு போர்டை வைப்பேனா? இது பேசுன கடை. இந்தச் செவக்காட்டுப்பட்டியிலயே, ஏன், இந்தத் தாலுகாவுலயே, கை நீட்டாம, கெட்ட வார்த்தை பேசாம, எதிர்க்கட்சிக்காரனும் ஆளுங்கட்சிக்காரனும் எதுத்து எதுத்து உக்காந்து பேசுன கடை இது ஒண்ணுதான். எல்லாத்தையும் ஒரு பய வந்து கெடுத்துட்டான். அந்த வயித்தெரிச்சலை யாருகிட்டயாச்சும் சொல்லணும். உள்ளூர்க்காரன்கிட்ட சொல்ல முடியாது. நீங்க நல்ல நேரத்துக்கு வந்தீங்க.

எம்பேரு நாகரத்தினம். ஊர்ல எல்லாரும் நாகும்பாக. இந்தக் கட்டடம் பெரியவீட்டய்யாவோடது. அந்தா தெரியுது பாருங்க, மாடி வீடு, அதான். அவுக வீட்டுப் பேரப்பிள்ளை, இன்னும் மூக்கு ஒழுகுறது நிக்கல, என்னைப் பாத்தா “டேய் நாகு”ன்னுதான் கூப்பிடும். அம்புட்டுப் பிரியம். அவுக வீட்டு விசேஷம்னா எனக்குத் தனியா எலை. பந்தியில இடிபட வேணாம்னு கொல்லைப்பக்கமாப் போட்டுருவாக. எம்புட்டுக் கவனிப்பு பாருங்க. தலையைக் கொஞ்சம் சாச்சுக்கிருங்க.

இந்தக் கடைக்கு ரெண்டு தூணு சார். உரக்கடை சந்தானம் ஒண்ணு, ரிட்டயர்டு கண்டக்டர் வேலாயுதம் ஒண்ணு. ஒண்ணாப் படிச்சவுக, மாமன் மச்சான் மொறை. ஒருத்தர் ஒரு கட்சி, இன்னொருத்தர் அதுக்கு எதிர்க்கட்சி. யாரு ஆளுங்கட்சின்னு கேக்காதீங்க, அது மாறிக்கிட்டே இருக்கும். இவுக சண்டை மட்டும் மாறாது. நான் எந்தக் கட்சியும் இல்ல. செவத்துல பாருங்க, எல்லாக் கட்சிக் காலண்டரும் தொங்குது. யாரு வர்றாகளோ அவுக காலண்டரை முன்னாடி எடுத்து விட்டுருவேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்கணும்ல.

போன எலெக்‌ஷனுக்கு முன்னாடி ஒருநா, பொம்பளைக பஸ்ல டிக்கெட் எடுக்கணுமா வேணாமான்னு பேச்சு வந்துச்சு. கண்டக்டருக்கு அது வயித்துல அடிச்ச மாதிரி. ரிட்டயர் ஆனாலும் மனுசன் இன்னும் கனவுல டிக்கெட் கிழிக்கிறவரு. “ஓசியில ஏத்துறதுக்கு அது பஸ்ஸா, இல்ல சாமி சப்பரமா?”ன்னாரு. சந்தானம் சும்மா இருக்கலாம்ல? “உன் பொண்டாட்டி நேத்து சந்தைக்கு அதுலதான போச்சு, எறக்கி விட வேண்டியதுதான?”ன்னுட்டாரு. அம்புட்டுத்தான். பவுடர் டப்பா பறந்துச்சு. சந்தானம் குனிஞ்சுட்டாரு, கண்ணாடி குனியல. நான் ஊடால விழுந்து வெலக்கினேன். ரெண்டு அடி விழுந்துச்சு எனக்கு, கட்சிக்கு ஒண்ணு.

பெரியவீட்டய்யா ஆள் விட்டுக் கூப்பிட்டாக. போயி நின்னேன். “டேய் நாகு, இன்னொரு தரம் எங்கட்டடத்துல சத்தம் கேட்டுச்சு, பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் புளிய மரத்தடிக்கே போயிரு. உங்கப்பன் அங்கன உக்காந்துதான செரைச்சான்?”ன்னாக. நியாயம்தான சார்? கட்டடம் அவுகளோடது. ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல. எங்கப்பா அந்த மரத்தடியில வெயில்லயும் மழையிலயும் குத்த வச்சே முதுகு கூனிப் போனவரு. தலைக்கு மேல கூரை, சுத்துற நாற்காலி, ஃபேனு. இதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுபடி மரத்தடின்னா, அதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்.

தாடையைத் தூக்குங்க. ஆங், அப்பிடித்தான்.

மறுநா என்னாச்சு, சந்தானம் வந்து உக்காந்தாரு, நீங்க இப்ப உக்காந்திருக்க எடத்துல. பாதி ஷேவிங் போயிக்கிட்டு இருக்கு. கண்டக்டர் உள்ள நொழைஞ்சுட்டாரு. அவரு பெஞ்சுல உக்காந்து ஆரம்பிச்சுட்டாரு, விட்ட எடத்துல இருந்து. இவரு எந்திரிக்கப் பாத்தாரு. நான் அமுக்கினேன். “அண்ணே, ஆடாதீங்க, கத்தி கையில இருக்கு.” இவரு பல்லைக் கடிக்கிறாரு, தொண்டைக்குழி மேலயும் கீழயும் போகுது, அது மேல என் கத்தி. பேச முடியல. கண்டக்டர் தன் பாட்டுக்குப் பேசி முடிச்சுட்டாரு, அவரு வீட்டுக் கஷ்டம், பென்சன் கஷ்டம், எல்லாத்தையும். தொடைச்சு விட்டேன். இவரு எந்திரிச்சாரு. ஒதைக்கப் போறாருன்னு நெனைச்சேன். “இப்ப நீ உக்காரு, நான் பேசணும்”னாரு.

கண்டக்டர் அன்னைக்குக் காலையிலதான் மழிச்சிருக்காரு. மூஞ்சி உரிச்ச கோழி கணக்கா இருக்கு. இருந்தாலும் உக்காந்துட்டாரு, ரோசக்காரரு. நான் சோப்புப் போட்டேன், இல்லாத மயிரை வழிச்சேன், சந்தானம் பேசினாரு. அன்னைக்குப் பிறந்துச்சு சார் நம்ம கடை ரூலு. நாற்காலியில இருக்கவன் கேக்கணும். பெஞ்சுல இருக்கவன் பேசணும். பெஞ்சு பேச ஆரம்பிச்சாத்தான் கத்தி ஓடும். முடிஞ்சா எடம் மாத்திக்கிரணும். தொண்டையில கத்தி நிக்கிறப்ப எந்தக் கட்சிக்காரனும் பொறுமைசாலிதான். சனங்க ஏன் சண்டை போடுதுக? அடுத்தவன் பேசுறதக் கேக்காததுனாலதான. நான் கேக்க வச்சேன். பெரிய பெரிய ஆளுக மேடை போட்டு, மைக் கட்டி முடியாததை நான் ஒரு ரூவாப் பிளேடுல முடிச்சேன்.

அந்த சீசன்ல எங்க ஊர்ல ஒருத்தன் மூஞ்சியிலயும் மயிரு கெடையாது. வாதம் பண்றதுக்குன்னே வந்து மழிச்சுக்கிட்டாய்ங்க. இந்தி வேணுமா வேணாமா, அதுக்கு ஒரு நாளு. சாராயக் கடையை மூடணுமா, அதுக்கு ரெண்டு நாளு. மூடணும்னு பேசுனவரு பேசிட்டு நேரா அங்கதான் போனாரு, அது வேற விசயம். கோயில் ரேடியோ, பள்ளிவாசல் ரேடியோ, எது சத்தம் சாஸ்தின்னு பேச்சு. எடஒதுக்கீடு பத்திக்கூடப் பேசினோம் சார். ஒருத்தன் கொரலை ஒசத்தல. ஒசத்துறதுக்கு என்ன இருக்கு, அன்னைக்கு உக்காந்திருந்த எல்லாரும் ஒரே பக்கம்.

நான் நடுவுல நின்னு நடத்துனேன். சும்மா இல்ல, அதுக்கும் சூட்சுமம் இருக்கு. பேச்சு நல்லாப் போனா மெதுவா வழிப்பேன், பேசட்டும்னு. அறுக்குறான்னு தெரிஞ்சா சரசரன்னு முடிச்சுருவேன். நாற்காலியில இருக்கவன் ரொம்பத் துள்ளுனா பழைய பிளேடு. மத்தபடி சுத்தமான நடுநெலைமை.

கழுத்துப் பக்கம் வர்றேன், எச்சி முழுங்காதீங்க.

ஒரு மழை நாளு. காட்டுல வேலை இல்ல. பெஞ்சு ரொம்பி, படியில வேற ஆளு. அன்னைக்குச் சாதி பத்திப் பேச்சு வந்துச்சு. வேணுமா வேணாமா? மாறி மாறி உக்காந்தாக, மாறி மாறிப் பேசினாக. சந்தானம் கண்ணுல தண்ணி வந்துருச்சு. “எல்லாம் ஒரே ரத்தம்தானய்யா, இந்தா வெட்டுப்பட்ட எடத்துல பாரு”ன்னு தாடையைக் காட்டுனாரு. நான்தான் லேசா வெட்டியிருந்தேன். கண்டக்டர் எந்திரிச்சு, “மச்சான், வாழ்க்கையில மொதத் தடவையா நீ சொல்றதை ஒத்துக்கிறேன்”னாரு. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. அன்னைக்கு இந்த பெஞ்சுல ஒருமனசா முடிவு பண்ணிச் சாதியை ஒழிச்சோம் சார். கைதட்டல்னா கைதட்டல். எதிர்த்த டீக்கடையில டீ சொன்னோம். எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸு. பேப்பர் கப்பு காலனிக்காரங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்குத்தான் சொகம், குடிச்சமா போட்டமான்னு போயிரலாம்.

இங்கனதான் அந்தப் பய வர்றான்.

இளம்பரிதின்னு பேரு. கெழக்கால இருக்கு காலனி, அந்தக் காலனிக்காரன். செல்போன் டவர்ல ஏறி ரிப்பேர் பாக்குற வேலை. நல்ல பயதான், குத்தம் சொல்லக் கூடாது. பெரியவீட்டுப் போன்ல சிக்னல் போனாக்கூட அவன்தான் ஏறுவான். காலனிப் பசங்க நம்ம கடைக்கு வர்றதில்ல சார். நான் வராதேன்னு ஒருநாளும் சொன்னதில்ல, இந்தச் சாமி படத்து மேல சத்தியம். அவங்களாவே டவுனுக்குப் போயிருவாக. டவுன்ல ஏசி சலூன் இருக்கு. எங்கப்பா காலத்துல டவுன் பஸ்ஸு இல்ல, அப்ப அவங்களுக்குள்ளயே முடி வெட்டிக்குவாக. ஆக எந்தக் காலத்துலயும் யாருக்கும் ஒரு கொறையும் கெடையாது.

ஞாயித்துக்கெழமை. பெஞ்சுல எடமில்ல. உள்ள வந்தான், செருப்பை வெளிய விட்டுட்டு வந்தான், அதையும் சொல்லணும். நேரா வந்து நாற்காலியில உக்காந்துட்டான். “அண்ணே, போன வாரம் ஒழிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். அதான் டவுனுக்குப் போகாம இங்க வந்துட்டேன்”னான்.

கிண்டலாச் சொல்லல சார். சிரிச்ச மொகமாத்தான் சொன்னான்.

அவன் கண்ணாடியிலயே பெஞ்சைப் பாத்தான். “உங்க ரூல் எனக்கும் தெரியும்ணே. நாற்காலியில இருக்கவன் கேக்கணும். நான் கேக்குறேன். நான் ஏன் இந்த நாற்காலியில உக்காரக் கூடாதுன்னு இருக்கவங்க சொல்லட்டும். ஷேவிங் முடியிற வரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். நியாயமாப் பட்டா எந்திரிச்சுப் போயிர்றேன்”னுட்டுக் கழுத்தைச் சாச்சு, கண்ணை மூடிக்கிட்டான்.

நான் சோப்புப் போட்டுட்டேன் சார். ஏன் போட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கைப்பழக்கம். நாற்காலியில ஒரு மூஞ்சி சாஞ்சிருந்தா என் கை பிரஷ்ஷுக்குப் போயிரும். போட்டுட்டுக் கத்தியை எடுத்துக்கிட்டு பெஞ்சைப் பாக்குறேன். பெஞ்சு பேசினாத்தான கத்தி ஓடணும்? எப்பேர்ப்பட்ட பேச்சாளிக! இந்திக்கு ரெண்டு பக்கமும் பேசினவுக. கண்டக்டர் குனிஞ்சு செருப்பைத் தேடுறாரு, செருப்பு கால்ல கெடக்கு. சந்தானம் எதிர்க்கட்சிக் காலண்டரை எடுத்து நல்ல நேரம் பாக்குறாரு. சோப்பு காஞ்சு போச்சு. மறுபடி போட்டேன். அதுவும் காஞ்சுச்சு. மூணாவது தடவையும் போட்டேன். நான் வாய் விட்டே சொல்லிப்புட்டேன், “யாராச்சும் ஏதாச்சும் பேசுங்கய்யா”ன்னு.

கண்டக்டர்தான் தொண்டையைச் செருமிட்டு, “மழை வரும்போல இருக்குல்ல?”ன்னாரு. வெளிய வெயிலு மண்டையைப் பொளக்குது.

அந்தப் பய கண்ணைத் தொறந்தான். என் துண்டைத் தொடல. பையில இருந்து கைக்குட்டை எடுத்தான், மூஞ்சியைத் தொடைச்சான், எந்திரிச்சான். “எல்லாரும் நல்லாப் பேசினீங்கண்ணே”ன்னுட்டுப் போயிட்டான். அம்புட்டுத்தான். ஒரு கெட்ட வார்த்தை இல்ல. கை நீட்டல.

அன்னைக்குச் சாயங்காலம் பெரியவீட்டய்யா வந்துட்டாக. “வழிச்சியா?”ன்னாக. “சோப்பு மட்டும்தான்யா”ன்னேன். “ரோசனையா நடந்துக்கிட்டடா”ன்னு மெச்சிக்கிட்டாக. பிரஷ்ஷைத் தீயில போடச் சொன்னாக. நாற்காலியை மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னாக. நான் எப்பவும் கழுவுறதுதான சார், மஞ்சள் ஒண்ணுதான் புதுசு. நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க, உங்க மூஞ்சியில ஓடுன பிரஷ்ஷு புதுசு. மறுநாளு இந்தப் போர்டும் வந்துருச்சு.

அன்னையில இருந்து கடை செத்துப் போச்சு சார். வர்றாக, உக்காருறாக, போனை நோண்டுறாக, போறாக. சந்தானமும் கண்டக்டரும் சேந்து வர்றதே இல்ல. வந்தாலும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறதில்ல. சண்டை போட்டப்பக்கூடப் பேசிக்கிட்டாக, இப்ப அதுவும் இல்ல. எப்பேர்ப்பட்ட கடையை ஒரு பய அரை மணி நேரத்துல ஊமையாக்கிட்டான் பாத்தீங்களா?

அவன் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு பக்குவம் வேணாமா? எங்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா, கடை சாத்துனப்புறம் கம்மாய்க்கரைப் பக்கம் வரச் சொல்லி நானே வழிச்சு விட்டிருப்பேன். காசுகூட வாங்கியிருக்க மாட்டேன். நாங்க ஒழிக்க மாட்டோம்னா சொன்னோம்? ஒழிச்சாச்சு. அமலுக்கு வரக் கொஞ்ச நாளாகும். கவர்மெண்டுலயே அப்பிடித்தான. எதையும் மொகத்துக்கு நேரா வந்து கேட்டா யாரு பதில் சொல்லுவா? பேசுறதுக்கு ஒரு நாகரிகம் இருக்குல்ல சார்?

இந்தா, எடது கன்னம் முடிஞ்சது, கழுத்தும் ஆச்சு. தடவிப் பாருங்க, பட்டு. வலது பக்கத்துக்குப் புதுப் பிளேடு போட்டுக்கிறேன். இப்ப நீங்க பேசலாம். வந்ததுல இருந்து நானே பேசிக்கிட்டு இருக்கேன். சொந்த ஊரு கேட்டேன், நீங்க சொல்லவே இல்லையே.

என்ன சார்?

இந்த ஊரா? இந்த ஊர்ல நமக்குத் தெரியாம யாரு… எந்தத் தெரு?

காலனியா. வெளையாடாதீங்க சார். இளம்பரிதிக்கு அண்ணனா? மூத்தவரு சின்ன வயசுலயே ஹாஸ்டலுக்குப் போனவருல்ல? ஓ, நீங்கதானா அது. சாடை தெரியுது. இப்பத்தான் தெரியுது.

அப்பக் காரு பஞ்சர் இல்லையா?

இல்ல சார், நான் நிறுத்தல. பிளேடுதான் பிரிக்கிறேன். காகிதம் வர மாட்டேங்குது. இந்தா வந்துருச்சு. பிரஷ்ஷு விசயம் மனசுல வச்சுக்காதீங்க. நானாத் தீயில போடல, போடச் சொன்னாக. தம்பி நல்லா இருக்காரா? நல்ல தம்பி. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே? பயன்னு சொன்னேன், அது பிரியத்துல சொல்றது. என்னைய நாகுங்குறாகல்ல, அது மாதிரி.

எதிர்த்தாப்புல டீக்கடையில சந்தானம் உக்காந்திருக்காரு. கண்டக்டரும் வந்துட்டாரு, தள்ளி உக்காந்திருக்காரு. அதுக்காகச் சொல்லல, வெயிலு கண்ணைக் கூசுது உங்களுக்கு. இந்தத் திரையை மட்டும் லேசா இழுத்து விட்டுக்கிறேன்.

வேணாமா? ஷட்டர் பாதி? அதுவும் வேணாமா.

சார், எதுவா இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம் சார். நம்ம கடையே அதுக்குத்தான இருக்கு. நீங்க உங்க பக்கத்தைச் சொல்லுங்க, நான் எம் பக்கத்தைச் சொல்றேன்.

பேச வரலையா?

ஷேவிங்குக்கா வந்தீங்க. ஆமா. அதுவும் வாஸ்தவம்தான். ஷேவிங்குக்குத்தான் வந்தீங்க.

எந்திரிக்காதீங்க! சார், பாதியில எந்திரிக்கக் கூடாது. சோப்போட எங்க போறீங்க? கழுத்துத் துணியையாச்சும் குடுத்துட்டுப் போங்க! சார், ரோட்டைத் தாண்டாதீங்க, சொன்னாக் கேளுங்க. அய்யய்யோ, டீக்கடை பெஞ்சுல போயி உக்காந்துட்டாரே. ரெண்டு பேருக்கும் நடுவுல போயி உக்காந்துட்டாரே மனுசன். ஒரு கன்னம் பட்டு, ஒரு கன்னம் நொரை. டீ வேற சொல்றாரு. மாஸ்டர் கிளாஸை எடுக்குறதா, கப்பை எடுக்குறதான்னு முழிக்கிறான். எல்லாரும் அவரு மூஞ்சியைப் பாக்குறாக. பாத்துட்டு இங்கிட்டுப் பாக்குறாக.

சார்! ஐயா! இங்க வாங்க, முடிச்சு விட்டுர்றேன்! முழுசா வழிச்சா மதுரையில வழிச்சதுன்னு சொல்லிக்கலாம். பாதி ஷேவிங்கை எவனாச்சும் மதுரையில பண்ணிட்டு வருவானா? யாரு செஞ்சதுன்னு ஊரே கேக்கும்ல!

என்ன சொல்றாரு? கேக்கல சார்!

முடிக்கணும்னா அங்க வந்து முடிக்கவா?

மாடியில பெரியவீட்டய்யா வந்து நிக்கிறாக. பாத்துட்டாக. நான் அங்க போகலேன்னாலும் பாதி வழிச்சது வழிச்சதுதான். சோப்பு மட்டும்தான்யான்னு இந்தவாட்டி சொல்ல முடியாது. போனாலும் மரத்தடி, போகலேன்னாலும் மரத்தடி. பாவி மனுசன், எல்லாம் கணக்காத்தான் வந்திருக்காரு. இப்பத் தம்பி சிரிச்ச மாதிரியே சிரிக்கிறாரு பாரு. எங்க வச்சேன் பிரஷ்ஷை? கையிலதான் இருக்கு. கிண்ணம். துண்டு, துவைச்சது, இந்தா இருக்கு.

வர்றேன் சார்! வர்றேன், சோப்பு காஞ்சுறாமப் பாத்துக்கிருங்க!

தள்ளிக்கிருங்கப்பா. மாஸ்டர், அந்த ஸ்டூலை இங்கிட்டுப் போடு. வெளிச்சம் நல்லா விழட்டும். போடுடா, என்ன பாக்குற? மேல என்னத்த பாக்குற? நான் பாத்துட்டேன், அய்யா நிக்கிறாக, தெரியும். புளிய மரம் இன்னும் நிக்குதுல்ல? நிக்குது. அது யாரு கட்டின கட்டடமும் இல்ல.

சார், தலையை அந்தப் பக்கம் திருப்புங்க. கன்னத்தை நல்லாக் காட்டுங்க. இன்னொருக்கா சோப்புப் போட்டுக்கிறேன், காஞ்சு போச்சு. கை நடுங்குது, பயப்படாதீங்க, கத்தி நடுங்காது.

என்ன கண்டக்டரே, தொண்டையைச் செருமுறீங்க? சந்தானண்ணே, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. பேச வேண்டிய அன்னைக்கு யாரும் பேசல. இன்னைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

கத்தி கையில இருக்கு.